ரன்வே வரைக்கும்

"ஏனுங்க தம்பி, இன்னும் கொஞ்சம் வேகம் வராதுங்களா?"

கோவிந்தராஜுலு மூன்றாவது தடவையாகக் கேட்டார். சிக்கந்தருக்கு எரிச்சலாக வந்தது. காந்திபுரத்தில் தன் கம்ப்யூட்டர் கடையைப் பூட்டிவிட்டு, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே சூலூர் வந்திருந்தான். பழைய மதர்போர்டைக் கழற்றிப் புதுசு மாட்டியாயிற்று. ப்ராசஸரும் புதுசு. இன்னும் வேகமாம்!

"லெட்டர் அடிக்கறதுக்கு இதுவே ஜாஸ்திங்கய்யா."

"லெட்டர் இல்லீங்க. ஏரோப்ளேன் ஓட்டற கேம் ஒண்ணு இருக்குதுல்லீங்க, அதுக்கு. மேல போறப்ப நல்லாத்தான் போகுது. கீழ எறங்கறப்ப படம் நின்னு நின்னு வருது. அதுக்குள்ள ப்ளேன் மண்ணுல மோதிருது."

பம்ப்செட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அறுபத்திரண்டு வயசு. இந்த வயசில் கேம்!

"ஓவர்கிளாக் பண்ணலாமுங்க. முந்நூறு மெகாஹெர்ட்ஸ்ல ஓட வேண்டியதை நானூத்தம்பதுல ஓட வெக்கறது. ஆனா சூடு ஏறும். ஏதாச்சும் ஆனா கம்பெனிக்காரன் வாரண்டி தரமாட்டான்."

"பரவால்லீங்க, பண்ணிப்போடுங்க."

சிக்கந்தர் போர்டில் வேகத்தை மாற்றுகிற குட்டி ஜம்பரைப் பிடுங்கிப் பக்கத்து ஊசியில் மாட்டினான். சுவிட்சைப் போட்டான். திரையில் வானம் விரிந்தது. விமானம் தானாகவே பறக்கும்படி விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான்.

எட்டாவது நிமிஷம் மேகம் அப்படியே உறைந்து நின்றது. ப்ராசஸரின் சூட்டை இழுக்க மேலே மாட்டியிருந்த தகட்டைத் தொட்டவன் விரலை உதறினான்.

"காத்து பத்தலீங்க."

கோவிந்தராஜுலு எழுந்து போனார். சுவரோரம் நாற்காலியில் அவர் மனைவி ராமாமணி உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனை ஒரு வார்த்தை சொல்லாமல் பிடுங்கிக்கொண்டு வந்து, திறந்து கிடந்த கம்ப்யூட்டர் பெட்டிக்கு நேராக வைத்தார்.

சிக்கந்தருக்குப் பொறுக்கவில்லை. "அம்மாவுக்கு வேர்க்குதுங்களே!"

"அவளுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. நீங்க பாருங்க."

ராமாமணி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் கண் திரையை விட்டு அகலவில்லை. மலையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபேன் வைத்ததும் பதினாலு நிமிஷம் ஓடியது. மறுபடி நின்றுவிட்டது.

"முந்நூத்தி எழுபத்தஞ்சுல வெச்சுக்கலாமுங்களா?"

"அதுல எறங்க முடியாதுங்க. ரன்வே வரைக்கும் போகோணும்."

என்ன பிடிவாதம்! கிளம்பிவிடலாமா என்று சிக்கந்தர் நினைத்தபோது, ராமாமணி முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"மேக்கால ஜன்னலைத் தொறந்து பாருங்க தம்பி. ஆனி மாசக் காத்து."

மூன்று பேருமாக மேஜையை ஜன்னலோரம் நகர்த்தினார்கள். ஜன்னல் கதவைத் திறந்ததுதான் தாமதம், பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிளம்பி வந்த காற்று அறைக்குள் புகுந்தது. எங்கோ பெய்த மழையின் ஈரம் அதில் இருந்தது. காலண்டர் படபடத்தது. சிக்கந்தர் தகட்டைக் கழற்றி, சூடு கடத்தும் பசையைப் புதிதாகத் தடவி, அழுத்தி மாட்டினான். நானூத்தம்பது.

கோவிந்தராஜுலு துண்டை எடுத்து மேஜை முன்னாலிருந்த நாற்காலியைத் துடைத்தார்.

"அம்மணி, வா. உக்காரு."

சிக்கந்தர் திகைத்துப் போனான்.

ராமாமணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தாள். கோவிந்தராஜுலு பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, முதல்முறை விமானம் ஏறிய பிரயாணிபோல் மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

விமானம் எழும்பியது. பேர் தெரியாத ஏதோ ஒரு ஊர். ஆறு, காடு, வெள்ளை வெள்ளையாக மேகம். ஜன்னல் காற்று காதில் உரசியதில் சிக்கந்தருக்குத் தரையே காலை விட்டுக் கீழே போய்விட்டதுபோல் இருந்தது. அவள் கையில் அவசரமே இல்லை. மேகத்தை விலக்கிக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கினாள்.

ரன்வே தெரிந்தது. நெருங்கியது. படம் நிற்கவில்லை.

சக்கரம் தரையைத் தொட்டது. திரை ஒருமுறை குலுங்கி அடங்கியது.

"எறங்கிட்டனுங்க," என்றாள் ராமாமணி.

ஜாய்ஸ்டிக்கை விடாமலே சிக்கந்தரிடம் திரும்பினாள். "காலேஜ் படிக்கறப்ப ப்ளேன் ஓட்டிப் பழகோணும்னு ஃப்ளையிங் கிளப்புக்கு எழுதிப்போட்டேன் தம்பி. எழுதி எழுதிப் பார்த்தேன், பதிலே வரல. பொம்பளப்புள்ளைய எங்க எடுக்கப் போறாங்கன்னு உட்டுட்டேன். இவருதான் இந்த வயசுல ஓட்ட வெச்சிருக்கறாரு."

சொல்லிவிட்டு அடுத்த தடவை பறக்கத் திரும்பிக்கொண்டாள்.

கோவிந்தராஜுலு பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தார். சிக்கந்தருக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"உங்களைத் தப்பா நினைச்சுட்டனுங்கய்யா. இப்படிச் சம்சாரத்தோட ஆசையை நெனப்புல வெச்சிருக்கற மனுசனை நான் பார்த்ததில்லீங்க."

அவர் ரோட்டைப் பார்த்தார். தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது.

"பதில் வந்துச்சுங்க தம்பி," என்றார் மெதுவாக. "வரச் சொல்லித்தான் எழுதியிருந்தாங்க. அப்பத்தான் அவளை எனக்குப் பேசி முடிச்சிருந்தாங்க. அவ ஊட்டு வாசல்ல நின்னுட்டிருந்த எங்கிட்டத்தான் தபால்காரர் குடுத்தாரு. நாந்தானுங்க கிழிச்சுப்போட்டேன்."