மூணாம் நம்பர் கேபின்

"பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கற வயசுல, உன் வூட்டுக்காரரு கம்ப்யூட்டர்ல அசிங்கப் படம் பாக்கறாராம்க்கா!"

உப்புக் கூடையைத் தலைக்குத் தூக்கிவிட்டபடி அம்சவள்ளி சொன்னதும் வேலம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாருடி சொன்னா?"

"ஊரே சொல்லுது. புதன்கிழமையானா நாலு மணிக்கு மரக்காணம் பிரவுசிங் சென்டரு. மூணாம் நம்பர் கேபின். திரைய இழுத்து வுட்டுக்கிறாராம். மீன் புடிக்கிறவருக்குக் கம்ப்யூட்டர்ல என்னாக்கா வேல?"

நியாயமான கேள்விதான்.

சுனாமி வந்து போய் ஏழு மாதம். நிவாரணத்தில் புதுப் படகு கிடைத்தும், இன்ஜின் சரியில்லை, வலை சரியில்லை என்று நாளைக்கு ஒரு சாக்கு சொல்லிக் கரையிலேயே கிடக்கிறான் கன்னியப்பன். வேலம்மாள் உப்பளத்தில் சுமை தூக்கித்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. இந்த லட்சணத்தில் துரைக்குப் படம் கேட்கிறதென்றால் வயிறு எரியுமா, எரியாதா?

அன்றைக்கே ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் இருசப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். முழங்கால் வலி என்று அவரும் பல மாதமாகக் கடலுக்குப் போவதில்லை. காலில் தைலம் தேய்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"வியாழக்கிழம ஊரக் கூட்டறேன். வந்து பதில் சொல்லட்டும்."

வேலம்மாளுக்கு அதுவரை பொறுக்கவில்லை. புதன்கிழமை நாலு மணிக்கு, காலில் உப்பு காய்ந்திருக்க, நேராக சென்டருக்குள் நுழைந்து திரையைச் சர்ரென்று இழுத்தாள்.

படம் எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் எறும்பு ஊர்கிற மாதிரி இங்கிலீஷ் எழுத்துகள். கன்னியப்பன் ஒற்றை விரலால் அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

"யாருக்குய்யா எழுதற? யாரு அவ?"

"கத்தாத. மெட்ராஸ்ல இருக்கற சந்தியா மேடம். மனசு சரியில்லாதவங்களுக்குக் கவுன்சலிங் பண்றவங்க. நிவாரணம் குடுக்க வந்தவங்க இவங்க இ-மெயில் விலாசத்த எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. தமிழத்தான் இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிறேன்."

"உன் மனசுக்கு என்னா கேடு? படிச்சுக் காட்டு."

படித்தான்.

"'கன்னியப்பன், இந்த வாரம் படகுல ஏறினீங்களா?'"

"நீ என்னா எழுதின?"

"'படகுல கை வச்சேன் மேடம். உடம்பெல்லாம் நடுங்குச்சு. திரும்பி வந்துட்டேன்.'"

வேலம்மாளின் கோபம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அதுக்கு அவங்க?"

"'கை வச்சதே பெரிசு. அவசரப்படாதீங்க. ஒரு மாசம் கரையிலயே பழகுவோம். உங்க மனைவிகிட்ட சொல்லிட்டீங்களா?'"

"ஏய்யா சொல்லல?"

"கடலுக்குப் பயந்தவன்னு பேரு வந்தா எவன்டி என்ன நம்பிப் படகுல சேத்துக்குவான்? நம்ம பொண்ண யாரு கட்டுவா? அசிங்கப் படம் பாக்கறவன்னா நாலு நாளு சிரிப்பானுங்க. அதோட போயிடும்."

தினமும் பக்கத்திலேயே இருந்தும் இது தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் ஊர் கூடியது. கொடுத்த புகாரைத் திரும்ப வாங்க வழியில்லை.

"ஏம்பா கன்னியப்பா, திரைய மூடிக்கிட்டு அங்க என்னாதான் பண்ற?" என்றார் இருசப்பன்.

கன்னியப்பன் வாயைத் திறப்பதற்குள் வேலம்மாள் எழுந்தாள்.

"படம்தான் பாக்கறாரு தலைவரே. நேத்து என் கண்ணால பாத்தேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அம்சவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள். இருசப்பன் மட்டும் சிரிக்கவில்லை. வேலம்மாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரு மானத்த வாங்கிட்டான். இன்னையிலேர்ந்து ஒரு மாசம் இவன் கடலுக்குப் போகக்கூடாது. எந்தப் படகுலயும் இவன யாரும் ஏத்தக்கூடாது. ஏன்டா வரலன்னு ஒருத்தனும் இவன ஒரு வார்த்த கேக்கக்கூடாது!"

சிரிப்பு அடங்கிவிட்டது. கடலை மூடிவிட்டால் மீன்பிடிக்கிறவனுக்கு வேறென்ன இருக்கிறது? படம் பார்த்ததற்குப் போய் இவ்வளவு பெரிய தண்டனையா என்று சிலர் முணுமுணுத்தபடியே கலைந்து போனார்கள்.

எல்லோரும் போன பிறகு, இருசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் கன்னியப்பனிடம் வந்தார். நடையில் முழங்கால் வலி இருப்பதாகவே தெரியவில்லை. அவன் காதருகே குனிந்தார்.

"ஒரு மாசம் போதுமான்னு சந்தியா மேடத்தக் கேட்டுச் சொல்லு. எனக்கு ரெண்டு மாசம் சொல்லியிருக்காங்க."