மூடிமேல் வைத்த கல்

கத்தரிக்காய்க் குழம்பு விட்டுப் பிசைந்த சோற்றில் வடிவம்மாள் நேர்வாளப் பொடியைத் தூவினாள். மறுபடியும் நன்றாகப் பிசைந்தாள். பிறகு சாம்பல் போட்டு மூன்று தடவை கை கழுவினாள்.

பொடியைக் கொடுக்கும்போதே நாட்டு மருந்துக் கடைக்காரர் எச்சரித்திருந்தார். “மாட்டுக்குப் பேதி குடுக்கத்தான தாயி? மனுசன் தின்னா கொடலு வெளிய வந்துரும். புள்ளத்தாச்சி பக்கம் கொண்டுபோயிராத, ரெண்டு உசிரும் போயிரும்.”

“மாட்டுக்குத்தான் அண்ணாச்சி” என்று சொல்லி வாங்கி வந்திருந்தாள்.

அரிசி மண்டியை அடைத்துவிட்டு வந்த வன்னியபெருமாள், பெண்டாட்டி கையிலிருந்த சட்டியை எட்டிப் பார்த்தான். “யாருக்குளா இம்புட்டுச் சோறு?”

“களவாணிக்கு.”

அவனுக்கு விளங்கவில்லை. விளங்காததைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளும் வழக்கமும் அவனுக்கு இல்லை. அவள் புறவாசலுக்குப் போய்ச் சட்டியை எரு டின்னில் கவிழ்த்தாள். மூடியைப் போட்டு, அதன்மேல் கல்லைத் தூக்கி வைத்தாள். டின்னுக்குப் பக்கத்து ஓலைச் சாய்ப்பில் படுத்திருந்த மாமனாருக்கு வழக்கமான ஒரு தம்ளர் கஞ்சியையும் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

முனிசிபாலிட்டி வீட்டுக்கு இரண்டு டின் கொடுத்து ஒரு மாதம் ஆகப்போகிறது. ஒன்றில் சாம்பல், ஓட்டாஞ்சில்லு. இன்னொன்றில் அழுகுகிற குப்பை மட்டும். அது புதுக்கோட்டை ரோட்டுக் குழிக்குப் போய், மக்கி, ஆற்றங்கரை வயலுக்கு எருவாகும். சண்டைக் காலத்தில் நெல் கூடுதலாக விளைய வேண்டுமே! தினமும் வண்டியில் தராசு வரும். மாதக் கடைசியில் எந்த வீட்டு எரு டின் அதிகக் கனம் காட்டியிருக்கிறதோ, அந்த வீட்டு அம்மாளுக்குச் சேர்மன் கையால் வெள்ளி மெடல்.

மெடல் என்று காதில் விழுந்ததும் வடிவம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் பூராவும் ரேஷன் அரிசிக்கு வெயிலில் நிற்க, இந்தப் புண்ணியவதி வீட்டுத் தேவைக்கு மேல் ஒரு படி வடித்து டின்னில் கொட்டினாள். மூன்று வாரம் அவள் டின்தான் தெருவில் முதல்.

நாலு நாளாகத்தான் வினை. விடிந்து பார்த்தால் டின்னில் பாதிதான் இருந்தது. நாய் உருட்டியிருந்தால் தெரியும். மூடி மூடியபடி, கல் வைத்தபடி இருந்தது. விடியுமுன்னே படலைத் தள்ளிக்கொண்டு வந்து வாறுகால் சாக்கடை கூட்டுகிற முனிசிபாலிட்டிக்காரி செண்பகத்தை விட்டால் வேறு யார்?

அன்று காலையிலேயே கேட்டுவிட்டாள். செண்பகம் கையெடுத்துக் கும்பிட்டாள். “நான் வரும்போதே கொறஞ்சுதாம்மா கெடக்கு. எட்டு மாச வயித்தோட பொய் சொல்லுவனா?”

“எட்டு மாசம்னாத்தான பசி கூட எடுக்கும்ளா.”

நேரே மருந்துக் கடைக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

மறுநாள் காலை மாதா கோயில் மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் எரு வண்டி வந்தது. மேஸ்திரி ஹென்றி டின்னைத் தராசில் மாட்டினான். “இன்னைக்கும் பாதிதான் அம்மா.”

வடிவம்மாளின் கண் டின்மேல் இல்லை. வண்டிக்குப் பின்னால் செண்பகம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

“அவளப் பாருங்க மேஸ்திரி! டின்னுச் சோத்துல நேர்வாளம் கலந்து வச்சிருந்தேன். தின்னது யாருன்னு அவ வயிறே சொல்லுதுல்லா!”

ஹென்றிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “புள்ளத்தாச்சின்னு தெரிஞ்சுமா போட்டிய?”

“தெரிஞ்சா என்ன? அவள நானா திங்கச் சொன்னேன்?”

செண்பகம் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். “புள்ள உதைக்கி சாமி, அதான் புடிச்சேன். ஒரு பருக்கை தொடல. வேல போச்சுன்னா இத வச்சிக்கிட்டு நான் எங்கன போவேன்?”

ஹென்றி அவளையும் பார்த்தான், முதலாளியம்மாவையும் பார்த்தான். மண்டிக்காரர் வீட்டுப் புகார் மேலே போனால் அவன் வேலைக்கும் ஆபத்து. ஆள் நோட்டை விரித்து, செண்பகத்தின் பெயரைப் பென்சிலால் அடித்தான். அவளிடமிருந்த துடைப்பத்தையும் வாங்கி வண்டியில் போட்டான். பாவி மனுஷன், அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“இன்னும் மூணு நாள் இருக்கு. இனிமே என் டின்னு எப்படி நெறையுதுன்னு பாருங்க” என்றாள் வடிவம்மாள். மெடல் கழுத்தில் ஏறிவிட்டது மாதிரி சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

அப்போது சாய்ப்பிலிருந்து வன்னியபெருமாள் வந்தான். கையில் காலிக் கஞ்சித் தம்ளர்.

“ஏளா, அப்பா பாயெல்லாம் வயித்தால போயி கெடக்காவ. மூச்சு இல்ல.”

அவன் தன் விரல்களில் ஒட்டியிருந்ததைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“தாடியெல்லாம் கத்தரிக்காக் குழம்பு. நீ கஞ்சிதானளா குடுத்த?”