ஆயம்மா தின்ற ரொட்டி

"ரொட்டிய ஆயம்மா தின்னாங்க."

மூன்று வயது மகள் நிலக்ஷி சொன்னதும் ஜீவராணிக்குத் திக்கென்றது. கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டி துடைத்துவிட்ட மாதிரி காலி.

"தேத்தண்ணிய?"

"அதுவும் ஆயம்மாதான்."

கந்தப்பளைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகிற அம்மாமார் பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்தில்தான் விட்டுப் போவார்கள். பார்த்துக்கொள்வது சுகிர்தம் ஆயம்மா. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனுஷி. அவரா?

போன மாதம் மிட்வைஃப் டெல்சி மிஸ் நிலக்ஷியை நிறுத்துப் பார்த்துவிட்டு, கார்டில் எடைக் குறைவைக் காட்டும் சிவப்புப் பகுதியில் புள்ளி வைத்தார். பிள்ளை நாலடி நடந்தாலே உட்கார்ந்துவிடும்.

"அடுத்த மாசமும் ஏறலன்னா ஆஸ்பத்திரி வார்டுலதான் வைக்கணும், ஜீவராணி."

அன்றிலிருந்து அவளுக்கு ஒழுங்கான தூக்கமில்லை. ஒரு ரொட்டிக்குப் பதில் இரண்டு வைத்தாள். போத்தல் தேத்தண்ணிக்கு இன்னும் ஒரு கரண்டி சீனி போட்டாள். பிள்ளைக்குத் தெம்பு வரட்டுமே! பெட்டி தினமும் காலியாக வந்ததில் அத்தனை நிம்மதி.

அந்த நிம்மதியில் இப்போது மண் விழுந்தது.

"ஊருக்கெல்லாம் ஜெபம், புள்ளச் சோத்துல திருட்டா?" என்றாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வீரம்மா. "கண்ணால பாத்துட்டுக் கேளுடி."

மறுநாள் பகல் கொழுந்தை எடை போட்டதும், கூடையைக்கூட இறக்காமல் ஓடினாள். மடுவத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

நிலக்ஷியின் நீலப் பெட்டி ஆயம்மாவின் மடியில். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தேத்தண்ணியில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜீவராணி கதவுப் பக்கம் ஒரு அடி வைத்தாள். உள்ளே போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாம். கேட்டால், நாளைக்குப் பிள்ளையை யாரிடம் விடுவது? வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். நாளை மறுநாள் கிளினிக். எல்லோர் முன்னாலும் கேட்டுக்கொள்ளலாம்.

கிளினிக் நாளில் மடுவம் நிறையக் கூட்டம். பிள்ளைகளை நிறுப்பதோடு, பெரியவர்களுக்கு இரத்தத்தில் சீனியும் பார்க்கும் நாள்.

"மிஸ், நிறுக்கிறதுக்கு முந்தி ஒன்னு சொல்லணும்." ஜீவராணி முன்னே வந்தாள். "எம் புள்ள எப்புடி மிஸ் தேறும்? குடுத்துவிடுற ரொட்டி, தேத்தண்ணி எல்லாத்தயும் இந்த ஆயம்மா தின்னுடுறாங்க. என் கண்ணால பாத்தேன்!"

எல்லோரும் ஆயம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நெசமா, சுகிர்தம் அக்கா?" என்றார் மிஸ்.

சுகிர்தம் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா மிஸ். தின்னேன்."

"பாத்தியா!" என்றாள் வீரம்மா, நெற்றியில் அடித்துக்கொண்டு.

மிஸ் பிள்ளையைத் தூக்கித் தராசில் நிறுத்தினார். ஜீவராணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மாரியாத்தா, வார்டு மட்டும் வேண்டாம்.

"எழுநூறு கிராம் கூடியிருக்கே! சிவப்பத் தாண்டிருச்சு."

"தராசு சரியா இருக்கா மிஸ்?"

கொழுந்துத் தராசையே பத்து வருஷமாக நம்பாதவள், இதை மட்டும் நம்பிவிடுவாளா? மிஸ் சிரித்துக்கொண்டே மறுபடி நிறுத்தார். அதே எழுநூறு.

ஜீவராணிக்கு ஒன்றும் புரியவில்லை. கொடுத்த தீனி பிள்ளை வாய்க்கே போகவில்லை. அப்புறம் எப்படி?

அடுத்து சுகிர்தத்தின் முறை. விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்த மிஸ்ஸின் முகம் மாறியது.

"என்னக்கா இது? போன மாசம் நூத்தி முப்பது. இப்ப இருநூத்தி எழுபது! சீனி வருத்தக்காரி கோதுமை ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும் சாப்பிடலாமா? சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கீரை, அவிச்ச முட்டைன்னு எழுதியே குடுத்தேனே. ஆக்குறதில்லயா?"

"தெனமும் ஆக்கித்தான் கொண்டாறேன் மிஸ்."

"அப்ப அத யாரு சாப்பிடுறா?"

அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கிய நிலக்ஷி, ஓட்டமாக ஓடி மூலையில் இருந்த ஆயம்மாவின் டிபன் கெரியரைத் தொட்டுக் காட்டினாள்.

"முட்ட எனக்கு!"

ஜீவராணி போய்க் கெரியரின் மூடியைத் திறந்தாள்; சோறு, பருப்பு, கீரை, முட்டை. ஆயம்மா பக்கம் திரும்பினாள்.

"புள்ளைக்குக் குடுத்தது சரி ஆயம்மா. அந்த ரொட்டியத் தூக்கி வீசியிருக்கலாமே? இல்லாட்டி எனக்கே திருப்பி அனுப்பியிருக்கலாமே? ஒடம்புக்கு ஆகாதுன்னு தெரிஞ்சும் எதுக்குத் தின்னீங்க?"

சுகிர்தம் விரலில் இருந்த பஞ்சை அழுத்திக்கொண்டார்.

"இருட்டோட எந்திரிச்சு நீ சுட்ட ரொட்டி, ராணி. வீசவும் மனசு வரல. பெட்டி நெறஞ்சு திரும்பி வந்தா நீ தாங்க மாட்ட."