வரிசையில் நின்ற பீரங்கி வண்டி

அந்த நாட்டில் அப்போது மண்ணெண்ணெய்க்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். ஆட்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்குப் பதிலாகக் கேன்களும் கற்களும் கடைத்தெருவை அடைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்.

ஒரு காலையில் பீரங்கி வண்டி ஒன்று உறுமிக்கொண்டு வந்தது.

“ஒதுங்குங்க! இனிமே நாங்கதான் அரசாங்கம்,” என்றது வண்டி.

“அப்போ எண்ணெய் எப்ப வரும்?” என்று கேட்டது கடைசியில் நின்ற மஞ்சள் கேன்.

“முதல்ல மாளிகையைப் பிடிக்கணும்.”

“அப்படின்னா சுத்திப் போங்க. என்னை இங்க வெச்ச பவளம் வந்து தூக்காம நான் நகர மாட்டேன்.”

அதற்குள் வண்டியின் வானொலி அலறியது. தளபதி பிடிபட்டுவிட்டாராம். உள்ளேயிருந்த நான்கு சிப்பாய்களும் குதித்து, சீருடைச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சந்துக்குள் ஓடினார்கள்.

“வந்துடுவாங்க,” என்றது கேன். “பவளமும் என்னை இப்படித்தான் விட்டுட்டுப் போவா.”

மாலையில் எண்ணெய் வந்தது. பவளம் ஓடோடி வந்து, கேன்மேல் இருந்த புழுதியை முந்தானையால் துடைத்துத் தூக்கிக்கொண்டாள். அவரவர் கேனை, கல்லை அவரவர் எடுத்துக்கொண்டு போனார்கள். வண்டி சந்து முனையையே பார்த்துக்கொண்டு நின்றது.

மறுநாள் யாரோ ஒரு பச்சைக் கேனை வண்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

“வரிசையில முதல்ல நீங்கதானா?” என்று கேட்டது கேன். “யாருக்காக நிக்கிறீங்க?”

“நாலு பேருக்காக,” என்றது வண்டி.