தலையிடி கேட்டுப் போனவர்

"உங்கடை வீட்டிலை ஆருக்காவது தலையிடி இருக்கோ, பிள்ளை?"

பலேர்மோவின் கால்சாப் பகுதியில், மூன்றாம் மாடிக் கதவைத் திறந்த ஞானாம்பிகை, வாசலில் நின்ற கோபாலசிங்கத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் அண்ணை, மருந்து விக்க வெளிக்கிட்டிட்டியளோ?"

"சும்மாதான். சத்தி, தலைச்சுத்து ஒண்டும் இல்லையோ?"

"உங்களைக் கண்டாப்பிறகுதான் சுத்துது. உள்ளுக்கை வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

அவர் நேரே குசினிக்குப் போய்ச் சுவரைப் பார்த்தார். அவர் தேடின பழுப்பேறிய பெட்டி அங்கே இல்லை. தேத்தண்ணீரை நின்றபடியே குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு இறங்கினார். காலையிலிருந்து இது ஒன்பதாவது வீடு.

சொன்னால் வெட்கக்கேடு. போன கிழமை காஸ்காரன் வந்து அவருடைய கல்தாயாவைப் பார்த்தான். வீட்டையும் குளிக்கிற தண்ணீரையும் சூடாக்குகிற பெட்டி அது.

"புகை வெளியிலை போகேல்லை, வீட்டுக்குள்ளைதான் திரும்பி வருது. முதல்லை தலையிடிக்கும். பிறகு ஒருநாள் படுத்த ஆள் எழும்பாது" என்று சொல்லிவிட்டு அதை அணைத்தான்.

புதிதை விற்கிறவன் பழையதை நல்லது என்று எப்போது சொன்னான்? கோபாலசிங்கம் பாதிதான் நம்பினார். ஆனாலும் சாவுப் பயம் பாதியாக வருவதில்லை. பெட்டியைக் கழற்றிப் பழைய சாமான் வாங்குகிற பெப்பேயிடம் கொண்டுபோனார்.

"பழுது ஏதும் இருக்கோ?" என்று பெப்பே கேட்டான்.

"ஒரு பழுதும் இல்லை."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நல்ல விலை கிடைத்தது. அப்படியும் புதியது வாங்கக் காணாது. பக்கத்து ஊரான பகேரியாவில் இருக்கிற ஏர்னஸ்றுக்குச் சொன்னார். வீடுகள் துப்புரவாக்குகிற வேலை அவனுக்கு. லீவு நாளில் எங்கள் தமிழ் ஆட்களுக்கு இதெல்லாம் பூட்டிக் கொடுப்பான். திங்கட்கிழமை பளபளவென்று வெள்ளைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினான்.

"தெரிஞ்ச இடத்திலை எடுத்தது, அண்ணை. பாவிச்சதுதான், ஆனா உரஞ்சித் துடைச்சாப்பிறகு புதுசு மாதிரி. உங்கடை காசுக்கு இது அதிர்ஷ்டம்."

அவன் படி இறங்கினதும் மனைவி கனகேஸ்வரி கேட்டாள்.

"எங்கடை பழசை வாங்கிப் பூட்டினவை செத்துப்போனா?"

"பெப்பே பாத்துத்தான் விப்பான்."

"நீங்கள் பாத்தே வித்தனியள்? பிள்ளையள் இருக்கிற வீடெண்டா?"

அடுத்த நாளிலிருந்து அவள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சமைத்து மூடி வைத்துவிட்டு, நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கோபத்திலும் நியாயம் இருக்கிறது என்று அவர் விட்டுவிட்டார். சோறுதான் இறங்கவில்லை.

புதன்கிழமை பெப்பேயிடம் உண்மையைச் சொல்லப் போனார்.

"அதுவோ? அடுத்த நாளே வித்துப்போச்சு" என்றான் பெப்பே. "உங்கடை ஆள் ஒருத்தன்தான் தோளிலை தூக்கிக்கொண்டு போனவன். பேர் ஆர் கேட்டது?"

உங்கள் ஆள். இத்தாலியன் செத்தாலும் பாவம் பாவம்தான். ஆனால் இது எங்கள் ஆள். அந்த வீட்டுச் சவப்பெட்டிக்கு அவரும்தானே தோள் கொடுக்க வேண்டும்.

ஏர்னஸ்றைக் கேட்டிருக்கலாம். எந்தத் தமிழ் வீட்டில் எந்தப் பெட்டி என்று அவனுக்குத்தான் தெரியும். ஆனால் அவனிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னம் பலேர்மோ முழுக்கத் தெரியும். நாலு பேர் காறித் துப்புவதை விட நாற்பது படி ஏறுவது மேல். வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாமல் கதவு கதவாகத் தலையிடி விசாரித்தார்.

பதினாலு வீடு. எல்லாரும் கல்லுப்போல இருந்தார்கள்.

மத்தியானம் ஒரேத்தோத் தெருவில் இருக்கிற தன் வீட்டுக்குத் திரும்பினார். குளிருக்குக் கதவு யன்னல் எல்லாம் பூட்டி, வீடு கதகதவென்று இருந்தது. கனகேஸ்வரி எழும்பியிருந்தாள். நெற்றிக்கட்டு அவிழவில்லை. கையில் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும்.

வீட்டுக்குள் எந்தச் சாமான் வந்தாலும், சோறு காய்ச்சுகிற மெசின் என்றாலும் ரீவி என்றாலும், வெள்ளிக்கிழமை பார்த்து அவள் பொட்டு வைப்பாள். வெளியில் வைத்தால் வீட்டுக்காரச் சிஞ்ஞோரா ஊத்தை என்று துடைத்துவிடுவாள். அதனால் மூடியின் உள்பக்கம்தான்.

"ஒரு வீட்டிலையும் தலையிடி இல்லையாம், இஞ்சேரும்" என்றார் கோபாலசிங்கம். "நான் செய்தது பிழைதான். எங்கையெண்டாலும் தேடிப் பிடிச்சுச் சொல்லிப்போடுவன். உம்மடை கோவத்தை விடும்."

"கோவமோ? ஆருக்கு?"

சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் முக்காலியில் ஏறினாள். விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளைப் பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

விரல் அப்படியே நின்றது. மூடியின் உள்பக்கம் காய்ந்து கறுத்த பழைய பொட்டு ஒன்று இருந்தது.

"இஞ்சாருங்கோ... இதுக்கு நான் முந்தியே பொட்டு வைச்சிட்டன்."