மூடுபனி விசில்

கோத்தகிரியில் மூடுபனி இறங்கினால் போதும், பக்கத்து வீட்டு ஹரிதாஸ் வாசலில் நின்று விசில் ஊத ஆரம்பித்துவிடுவார். கடலோரக் காவல்படையில் டி.ஐ.ஜி.யாக இருந்து ஓய்வுபெற்றவர்.

இன்று முகேஷுக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க சார், ரிட்டயர் ஆகியும் கப்பல் ஓட்டறீங்களா? காது போகுதுங்க!”

“பனி இறங்கினாலே கீழ பாதைக்குக் காட்டுமாடு வந்துருது தம்பி. இப்பவும் நிக்குது. பனியில வர்றவங்களுக்குத் தெரியாது. விசில் நின்னப்புறந்தான் மேல ஏறி வரணும்னு ஏற்பாடு.”

“இந்நேரத்துல யாருங்க வர்றது?”

“உங்க சம்சாரம் உமாராணிதான். ஃபேக்டரி முடிஞ்சு பஸ் ஸ்டாப்புல காத்துட்டிருக்காங்க. காட்டுமாடுன்னா நீங்க வேலைய விடச் சொல்லிருவீங்களாம். அதான் உங்ககிட்டச் சொல்லல.”

ஹரிதாஸுக்கு மூச்சு வாங்கியது. முகேஷ் கையை நீட்டினான்.

“குடுங்க சார், நான் ஊதறேன். எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்டச் சொல்லிறாதீங்க.”