ஹெஸ்டரின் முட்டி

ஹெஸ்டர் அம்மையாருக்கு வயது அறுபத்து மூன்று. மேடையில் மட்டும் நாற்பத்தாறு வருடங்களாகப் பதினாறு. அமெரிக்காவின் அந்தக் காலத்து நாடகக் கம்பெனிகளில் ஒரு வேஷம் ஒருத்திக்குக் கிடைத்துவிட்டால் அது அவள் சொத்து. ஒரு நாளாவது அவளால் நடித்து முடிக்க முடியாமல் போனால்தான் அடுத்தவளுக்குப் போகும். அடுத்தவள் லெட்டி. வயது இருபத்திரண்டு. முகமெல்லாம் கரிக்கோட்டில் சுருக்கம் வரைந்துகொண்டு, ஹெஸ்டருக்கு அம்மாவாக நடித்தபடி, ஐந்து வருடமாக அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தாள்.

அன்று மகள் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கும் காட்சி. ஹெஸ்டரின் முட்டி ஏழாவது வரிசை வரை கேட்கும்படி சத்தம் போட்டுவிட்டு அப்படியே பூட்டிக்கொண்டது.

“எழுந்திரு மகளே!” என்றாள் லெட்டி, வசனப்படி. பிறகு உதடு அசையாமல், “என்னக்கா, எந்திரிக்க வரலியா?” என்றாள்.

“வாய மூடுடி” என்று முணுமுணுத்த ஹெஸ்டர், கூரை அதிரக் குரலெடுத்தாள்: “தாங்கள் மன்னிக்கும் வரை எழமாட்டேன் தாயே!”

நாடகத்தில் இல்லாத வசனம் அது. கொட்டகையே விசும்பியது. திரைக்கயிற்றைப் பிடித்திருந்த முதலாளி லெட்டியைப் பார்த்தார். மன்னித்தேன் என்று அவள் சொல்லிவிட்டால் ஹெஸ்டர் எழுந்தாக வேண்டும்.

லெட்டி வாயைத் திறந்தாள். கீழே, பதினாறு வயதுப் பவுடர் வியர்வையில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

“அப்படியானால் நானும் உட்காருகிறேன் மகளே” என்று பாவாடையைச் சுருட்டிக்கொண்டு எதிரில் அமர்ந்தாள்.

நாடகத்தில் மகளுக்கு மணமகனாக வருபவன், தன் முறை வந்ததும் வாளோடு மேடைக்குப் பாய்ந்து வந்தான். இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு வாளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவனும் சம்மணம் போட்டான்.